வாயை எடுத்தால் பின்வரிசை

பேண்டு மாஸ்டர் போன் பண்ணியபோது நான் பட்டறையில் ஒரு கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் வார்னிஷ். முழங்கையால் போனை இழுத்து ஸ்பீக்கரில் போட்டதால் பட்டறை முழுக்கக் கேட்டது.

"தம்பி, மாரியம்மன் கோயில் நோம்பி சாட்டிப்போட்டாங்க. கிணத்துக்கடவுப் பக்கமுங்க. தீர்த்தக்கொடத்துக்கு நம்ம செட்டுத்தான் முன்னால போகுது. செவ்வாக்கெழம காலைல ஆறு மணிக்கு வேன். வந்துபோடுங்க."

வாரேனுங்க மாஸ்டர் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்ன பேசினார் என்று எனக்கு நினைவில்லை. அன்று அந்த மோட்டாரில் இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றி, மறுநாள் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டினேன். அவ்வளவு சந்தோஷம். இரண்டு வருடமாக மாரியம்மனும் வெளியே வரவில்லை, மாதா தேரும் வெளியே வரவில்லை, மாப்பிள்ளைகள்கூட காரில் வந்து காரிலேயே போய்விட்டார்கள். தெருவில் நடந்துகொண்டே வாசிக்கிற எங்களுக்குத் தெருவே இல்லாமல் போயிருந்தது.

எங்களுடையது போத்தனூரில் பன்னிரண்டு பேர் கொண்ட பேண்டு செட். பகலில் ஒருத்தர் ரயில்வே கேன்டீனில் இருப்பார், ஒருத்தர் பெயின்ட் அடிப்பார், நான் மோட்டார் கட்டுவேன். தை பிறந்துவிட்டால் வைகாசி வரைக்கும் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறிவிடுவோம். இன்றைக்கு அன்னூர், நாளைக்குக் கிணத்துக்கடவு, நாளன்றைக்கு ஏதாவது ஒரு சர்ச் திருவிழா. மாரியம்மனுக்கு வாசித்த அதே ஆட்கள் மறுநாள் மாதாவுக்கு வாசிப்போம், பெருமூச்சுக்குக்கூட நேரம் இருக்காது. எனக்கு டிரம்பெட். முன்வரிசையில் வலது மூலை என்னுடைய இடம்.

அந்த மூலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊர்வலத்தில் பேண்டு செட்டைப் படம் பிடிக்கிறவர்கள் முதலில் பிடிப்பது அந்த மூலையைத்தான். அதை நான் இரவல் வாங்கவில்லை, பிடுங்கினேன். எங்கள் செட்டில் ஒரு விதி உண்டு. சாமி நடந்துகொண்டிருக்கும்போது, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, ஊதுகிறவன் வாயை எடுக்கக் கூடாது. ஒரு வரியை விழுங்கிவிட்டு அடுத்த வரியில் சேர்ந்துகொள்வது, களைத்துப்போய் கருவியைக் கீழே இறக்குவது, இதெல்லாம் நடந்தால் அன்றோடு பின்வரிசைக்குப் போய்விட வேண்டும். பின்வரிசையில் ஊதுகிற வேலை கிடையாது. பெரிய டிரம்மோ, சிஞ்சா என்கிற பித்தளைத் தட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

பத்து வருடத்துக்கு முன்னால் அந்த மூலையில் வேறொருத்தர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர், நல்ல வாசிப்பு. ஒரு பங்குனி வெயிலில் ஏற்றமான ஒரு தெருவில் அவர் இரண்டு வரி வாயை எடுத்துவிட்டார். மாஸ்டர் முன்னால் கோலைச் சுழற்றிக்கொண்டு போனதால் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்த நான்தான் சாப்பாட்டுப் பந்தியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணனுக்கு இன்னைக்கு ரெண்டு வரி லீவுங்க" என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அடுத்த நோம்பிக்குப் பெரிய டிரம்மை வயிற்றில் கட்டிக்கொண்டு கடைசி ஆளாக நடந்தார். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இல்லை. வாய்த்துடுக்கும் வயதும் சேர்ந்தால் அப்படித்தான். மூலை கிடைத்ததே என்று வீட்டுக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போனேன்.

இப்போது, மாஸ்டர் போனை வைத்த பிறகு, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பந்திதான். ஏனென்றால் என்னால் இனிமேல் அரை மணி நேரம் நடந்துகொண்டே ஊத முடியாது. அது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும் தெரியும்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் பதினோரு நாள் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தேன். பிழைத்து வந்ததே பெரிய விஷயம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்த முதல் வாரம் டீயை ஊதி ஆற்றினாலே மூச்சு வாங்கியது. டிரம்பெட்டை எடுத்து வைத்தால் பூனை இருமுகிற மாதிரி ஒரு சத்தம். கோபத்தில் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் நானே போய்ச் சாவியைக் கேட்டேன். அவள் அரிசி டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அந்தச் சமயத்தில் மாஸ்டர் போனில் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தார். செட்டுக்கென்று ஒரு குரூப். வாரம் ஒரு பாட்டு. அவரவர் வீட்டில் உட்கார்ந்து அவரவர் பங்கை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். அவர் கேட்டுவிட்டுத் திருத்தம் சொல்வார். நல்ல யோசனைதான். எனக்குத்தான் ஒரு பாட்டை ஒரே மூச்சாக முடிக்க முடியவில்லை. போனில் பதிவை நடுவில் நிறுத்தி மறுபடி தொடர ஒரு வசதி இருப்பதைக் கண்டுபிடித்தேன். பல்லவி முடிந்ததும் நிறுத்தி, நாற்காலியில் சாய்ந்து, தண்ணீர் குடித்து, நெஞ்சு அடங்கியதும் மறுபடி அழுத்தி, அடுத்த வரி. ஒரு பாட்டுக்கு நான்கு இடத்தில் நிறுத்துவேன். கேட்கிறவருக்கு ஒரே ஓட்டமாகத்தான் கேட்கும். மாஸ்டர், "தம்பிக்குப் பழைய மூச்சு அப்படியே இருக்குது" என்று குரூப்பில் எழுதினார். நான் அதற்கு ஒரு கும்பிடு பொம்மையை அனுப்பி வைத்தேன்.

மற்றவர்கள் அனுப்புவதையும் நான் விடாமல் கேட்பேன், குற்றம் கண்டுபிடிக்கத்தான். கிளாரினெட்காரர் அனுப்பிய ஒரு பதிவில் பின்னால் குக்கர் விசில் அடிக்கத் தொடங்கி, அந்த விசில் மட்டும் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது, பாட்டு தொடர்ந்து ஓடியது. அவருடைய போனே அப்படித்தான், பழைய போன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த டிரம்கார அண்ணன் மட்டும் ஒரு பதிவுகூட அனுப்பவில்லை. அவர் இருப்பது லைன் வீடு. பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் கைக்குழந்தை. பெரிய டிரம்மை ஒரு தட்டுத் தட்டினால் ஏழு வீடும் எழுந்து வந்துவிடும். இரண்டு வருடமும் அந்த டிரம் உறை போட்டபடி சுவரோரம் கிடந்தது, மேலே துணி மடித்து வைத்திருந்தார்களாம். "கை மறந்துபோயிருக்கும், நம்ம தாளம் என்ன ஆகப் போகுதோ" என்று மாஸ்டர் என்னிடம் கவலைப்பட்டார். நானும் ஆமாங்க என்று தலையாட்டினேன். என் நுரையீரலை வைத்துக்கொண்டு நான் தலையாட்டினேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

செவ்வாய்க்கிழமைக்கு முந்தைய நாள் மனைவி சிவப்புக் கோட்டை வெயிலில் போட்டு எடுத்தாள். பித்தளைப் பொத்தான்களைப் புளி போட்டுத் தேய்த்தேன். கோட்டு இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. அவள் உள்பக்கமாக இரண்டு பிடி பிடித்துத் தைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, முடியலீன்னா மாஸ்டருகிட்டச் சொல்லிப்போடுங்க. ஆரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

"நெனைப்பாங்க அம்மணி. நானே நெனச்சவன்தான?"

அவளுக்கு அந்தப் பந்திக் கதை தெரியும். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

வேனில் ஏறியதும் என் பயம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பாதிப் பேருக்குக் கோட்டு தொளதொளத்தது, பாதிப் பேருக்குப் பொத்தான் போட முடியவில்லை. கிளாரினெட்காரர் தொப்பையைத் தடவிக்கொண்டு, "இது ஊரடங்குங்க" என்றார். ஈச்சனாரி தாண்டியதும் யாரோ ஜன்னலுக்கு வெளியே கருவியை நீட்டி இரண்டு வரி ஊத, பைக்கில் வந்த ஒருத்தர் கையை விட்டுவிட்டு ஆடிக்கொண்டே வந்தார். நான் அந்த அளவுக்குச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. சிரித்து முடித்ததும் கொஞ்சம் மூச்சு வாங்கியது. அதை இருமலாக மாற்றினேன்.

ஊர் எல்லையில் இறங்கியபோது வாய்க்கால் பக்கம் மஞ்சள் சேலையில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். குடத்து வாயில் வேப்பிலை. இருநூறு முந்நூறு பேர் இருப்பார்கள், அத்தனை பேரை ஒரே இடத்தில் பார்த்தே இரண்டு வருடம். பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர் எங்களிடம் வந்து, மாஸ்க்கு போட்டுக்குங்க என்றார். கிளாரினெட்காரர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"போட்டுக்கறமுங்க. ஊதறது எதுலீங்க?"

போலீஸ்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, தாடையிலாவது மாட்டிக்கோங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படித்தான் எல்லோரும் மாட்டிக்கொண்டோம்.

வரிசை கட்டினோம். நான் என் மூலையில் நின்றேன். மாஸ்டர் விசில் ஊதினார். பின்னாலிருந்து பெரிய டிரம் இரட்டை அடி அடித்தது. எங்கள் செட்டில் இரட்டை அடி என்றால் பாட்டை முதலிலிருந்து எடு என்று அர்த்தம். அந்த அடி என் முதுகெலும்பில் வந்து இறங்கியது. மறந்துபோன கை அடித்த அடி மாதிரியே இல்லை. இடது காலை எடுத்து வைத்து ஊதினேன். சத்தம் வந்தது. பூனை இருமவில்லை, எங்கள் டிரம்பெட் சத்தம் தெருவின் இரண்டு பக்கச் சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. மாடியிலிருந்து ஒரு பெண் செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊதுகிறவன் துடைக்க முடியாது, அது தாடை மாஸ்க்குக்குள் போய்ச் சேர்ந்தது.

பல்லவி போனது, முதல் சரணம் போனது. இரண்டாம் சரணத்தில் நெஞ்சுக்குள் பழைய ஊசி குத்த ஆரம்பித்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஊதுவது வேறு, நடந்துகொண்டு ஊதுவது வேறு. கடைசி வரியில் கண்ணுக்கு முன்னால் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன, அது சேலையா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. கோயிலுக்கு இன்னும் முக்கால் கிலோமீட்டர். ஊர்வலத்தில் பாட்டு முடிவதே கிடையாது. கடைசி வரியின் வாலில் டிரம் இரட்டை அடி அடிக்கும், அந்த மூச்சிலேயே மறுபடி பல்லவிக்குள் நுழைந்துவிட வேண்டும். இடைவெளி என்று ஒன்று இல்லவே இல்லை. என்னால் நுழைய முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பந்தியில் யார் என்ன சொல்வார்கள் என்றுகூட யோசித்துவிட்டேன்.

டிரம் இரட்டை அடி அடித்தது. நான் வாயை எடுத்தேன்.

சத்தம் நின்றுபோனது. என் சத்தம் மட்டும் இல்லை, எல்லாச் சத்தமும். கிளாரினெட், சாக்ஸபோன், சைடு டிரம், எல்லோரும் கடைசி வரியோடு அழகாக முடித்து, கருவியை இறக்கிவிட்டு, நின்ற இடத்தில் நின்றார்கள். இரண்டு வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை வாசித்து முடித்து அனுப்பி வைத்த பழக்கம். கிளாரினெட்காரரின் வலது கை கட்டைவிரல் காற்றில் எதையோ அழுத்தப் போனதை என் கண்ணால் பார்த்தேன். என் கையும் சட்டைப் பையை நோக்கித்தான் போயிருந்தது.

பின்னால் குடத்தோடு வந்த ஒரு அம்மா, "ஏனுங், அதுக்குள்ள முடிஞ்சுபோச்சா?" என்று கேட்டார்.

முன்னால் கோலைச் சுழற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் திரும்பினார். விசில் வாயிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்கியது. அவர் முகத்தை நான் அந்த மாதிரிப் பார்த்ததே இல்லை. இத்தனை பேரும் ஒரே நேரத்தில் முட்டாளாவது எப்படி என்று அவர் யோசித்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை. பெரிய டிரம். வீட்டில் உட்கார்ந்து ஒரு தடவைகூடப் பயிற்சி செய்யாத அந்த ஒரே ஆளுக்குப் பாட்டை முடித்து அனுப்புகிற பழக்கம் வரவே இல்லை. அவர் கைக்குத் தெரு மட்டும்தான் தெரியும். ஒற்றை அடியாக அடித்துக்கொண்டே நடந்து வந்து எங்கள் முதுகில் முட்டாத குறையாக நின்றார். பிறகு நாங்களும் சட்டென்று கால் எடுத்து வைத்தோம். அடி, அடி, அடி. பெண்களும் அந்த அடிக்கே நடந்தார்கள், கூட்டத்தில் யாரோ குலவை போட்டார்கள். நான் வாயைத் திறந்து காற்றைக் குடித்தேன். பதினாறு அடி எண்ணினேன். பதினாறாவதில் நெஞ்சிலிருந்த ஊசி பின்வாங்கியது. அப்போது இரட்டை அடி விழுந்தது. உள்ளே புகுந்தோம்.

அடுத்த சுற்றின் முடிவில் யாரும் மறுபடி நிற்கப் போவதில்லை. எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டது. ஆனால் அந்த முறை இரட்டை அடியே விழவில்லை. ஒற்றை அடிதான் விழுந்தது. இரட்டை அடி இல்லாமல் யாரும் பாட்டை எடுக்க முடியாது. மறுபடி பதினாறு அடி. மறுபடி காற்று. மூன்றாவது சுற்றிலும் அதேதான். பாவம், மனுஷனுக்குக் கை மறந்தேதான் போயிருக்கிறது என்று எனக்குள் சிரித்தேன். அந்த மறதிக்கு மாரியம்மனுக்கு ஒரு கும்பிடும் போட்டேன். அப்படியே கோயில் வாசல் வரைக்கும் போய்ச் சேர்ந்தேன், மூலையை விடாமல். தேங்காய் உடைத்தபோது எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

அன்னதானப் பந்தியில் மாஸ்டர் எங்கள் எதிரில் உட்கார்ந்தார். ஊர்க்காரர்கள் அவரிடம் அந்த நடுவில் டிரம் மட்டும் வருகிற இடம் புது ஸ்டைலா, ரொம்ப எடுப்பாக இருந்தது என்று சொல்லியிருந்தார்கள். அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"வெள்ளிக்கெழம அன்னூரு. அங்கயாவது பழையபடி நிறுத்தாமப் போலாமுங்களா?"

யாரும் சோற்றைத் தொடவில்லை. பிறகு கிளாரினெட்காரர் அவசரமாகச் சொன்னார். "வேண்டாமுங்க மாஸ்டர். இப்படியே இருக்கட்டும். நல்லாத்தானுங்க இருக்குது."

"ஆமாங்க, நல்லா இருக்குது," என்றார் சாக்ஸபோன்காரர்.

ஒருத்தர் மிச்சமில்லாமல் எல்லோரும் நல்லா இருக்குது என்றார்கள். எங்கள் செட்டில் எந்த விஷயத்துக்கும் பன்னிரண்டு பேரும் ஒத்துப்போனதே கிடையாது, டீயா காப்பியா என்பதற்குக்கூட. பாதியில் வெட்டுப்பட்ட குக்கர் விசில் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கிளாரினெட்காரரைப் பார்த்தேன். அவர் ரசத்தை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவுகிற இடத்தில் டிரம்காரர் தனியாக நின்றிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணா, முதத் தடவ நாங்க மறந்துபோட்டமுங்க, சரி. ரெண்டாந்தடவ இரட்ட அடி ஏனுங்க அடிக்கல?"

அவர் கையைத் துண்டில் துடைத்தார்.

"கடைசீல நடக்கறவனுக்கு எல்லாத்தோட முதுகும் தெரியுமுங்க தம்பி. தோளு ஏறி எறங்கறதப் பாத்துட்டே வந்தேன். எல்லாத்துதும் எறங்கி நின்னப்பறம் அடிச்சேன்."

"என்னுதுமா?"

"உங்கது கொஞ்சம் லேட்டுங்க."

பத்து வருடத்துக்கு முந்தின பந்தியைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் திறந்தேன். அண்ணா, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார். எனக்கு அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"அன்னைக்கு எனக்குப் பின்னாலயும் ஒருத்தர் டிரம்மு அடிச்சுட்டு வந்தாருங்க," என்றார். "அவுரும் எந்தோளப் பாத்துட்டுத்தான் வந்தாரு. என்ன பண்றது, அடிய எண்ணிப் பாட்ட நிறுத்தி வெக்கோணும்னு அப்ப ஆருக்கும் தோணல."

சொல்லிவிட்டு வேன் பக்கம் நடந்தார். சுவரோரம் வைத்திருந்த, உறையில்லாத டிரம்மை ஒரு கையால் அணைத்து எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை அன்னூரில் நல்ல வெயில், நல்ல கூட்டம். பஸ்ஸில் போனவர்கள்கூட ரோட்டோரத்தில் நிறுத்தி இறங்கி வந்து ஆடினார்கள். எங்கள் புது ஸ்டைல் வீடியோவாக எங்களுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. டிரம் தனியாக வருகிற இடத்தில் கைதட்டவே ஒரு கூட்டம் காத்திருந்தது. இரண்டு சுற்று நன்றாகப் போனது. மூன்றாவது சுற்று ஏற்றத்தில் முடிந்தது. ஒற்றை அடி தொடங்கியது. நான் எண்ணினேன். பதினாறு வந்தது. என் நெஞ்சு இன்னும் அடங்கவில்லை. பதினேழு விழுந்தது, பதினெட்டு, பத்தொன்பது. முன்னால் மாஸ்டரின் கோல் ஒரு கணம் தடுமாறிப் பிறகு சேர்ந்துகொண்டது. கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது. இருபதாவது அடியில் என் தோள் இறங்கி நின்றது, இருபத்தொன்றில் இரட்டை அடி விழுந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. முன்வரிசையில் நிற்கிறவன் திரும்பக் கூடாது என்பதும் எங்கள் செட்டு விதிதான். நெஞ்சு நிறையக் காற்றை வாங்கி, அவருக்குக் கேட்கட்டும் என்று ஊதினேன்.